அடுப்பில் வளர்ந்த ஓணான்

ரொட்டிக்கடைக்காரர் ஈரத்துணி போட்டு மூடிவைத்த ஓணான் விடிவதற்குள் இரண்டு மடங்கு பெருத்துவிட்டது. அதன் நோயும் அதே அளவு பெருத்திருந்தது. விறகுச் சுமையோடு காட்டிலிருந்து வந்து இறங்கிய பிராணி அது. வந்தபோது ஒரு சாண் நீளம்தான். கண்ணில் பீளை, வாயோரம் நுரை, தொட்டாலும் ஓடத் தெம்பில்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க. குத்துதே குடையுதேன்னு அப்புறம் என்கிட்ட வரக்கூடாது" என்று மனைவி அப்போதே சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஊரில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் பிசைந்து மூடிவைத்த மாவு எழும்பாமல் போனதாக யாரும் சொன்னதில்லை. துவண்டு கிடக்கும் எதற்கும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகைச் சர்க்கரை, மேலே ஈரத்துணி, பக்கத்தில் அடுப்பு. ஈஸ்டுக்கு ஆகிற வைத்தியம் காட்டு ஓணானுக்கு ஆகாது என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

முதலில் ரொட்டித் தட்டில் கிடந்தது, பிறகு மாவுத் தொட்டியில், அதுவும் போதாமல் பெரிய மேசையில். வாடிக்கையாளர்கள் அதன் வாலைத் தாண்டி வந்து, பன் இன்று போட்டதா நேற்றுப் போட்டதா என்று விசாரித்துவிட்டு வாங்கிப்போனார்கள். மாட்டு டாக்டர் வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டெதாஸ்கோப்பை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். "துணிய எடுங்க. எங்க இருந்து வந்துச்சோ அங்கயே கொண்டுபோய் விடுங்க. பிழைச்சா பிழைக்கட்டும், இல்லைன்னா அதோட இடத்துல நிம்மதியா சாகட்டும்" என்றார். "என் துணிக்கு அடியில ஒண்ணு அமுங்கிப் போச்சுன்னு ஊர் பேசணுமா டாக்டர்?" என்று கேட்டார் கடைக்காரர். டாக்டர் ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மழைக்காலம் வந்ததும் ஓணானுக்கு மேசையில் குளிர் தாங்கவில்லை. கடைக்காரர் அடுப்புக்குள் கனலை ஓரமாக ஒதுக்கி அதைப் படுக்கவைத்தார். முதல் வருடம் பாதி அடுப்பில் ரொட்டி வெந்தது. அடுத்த வருடம் வெறும் பன் மட்டும். அதற்கடுத்த வருடம் எதுவும் வேகவில்லை, ஏனென்றால் எதற்கும் இடமில்லை. ஓணான் பிழைக்கவும் இல்லை, சாகவும் இல்லை. தச்சன் ரம்பம் இழுப்பதுபோல அது மூச்சு இழுக்கும் சத்தம் வீடெல்லாம் கேட்டது. மனைவியின் அண்ணன் வந்து, "மாப்பிள்ளை, இந்த ஓணானா, என் தங்கச்சியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று நின்றார். கடைக்காரர் அடுப்புக்குள் கைவிட்டு ஓணான்மேல் ஈரத்துணியைச் சரிசெய்தார். மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணனோடு போனாள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் தானாகவே திரும்பி வந்தாள். அந்த மூச்சுச் சத்தம் கேட்காமல் அங்கே தூக்கம் வரவில்லையாம். அதை அவள் கோபமாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஓணானின் கண்ணைத் துடைக்கிற வேலை அவளுடையதாயிற்று. ஒரு நாள் துடைத்துக்கொண்டே, "இது எந்நேரமும் வாசலையே பாக்குதே, கவனிச்சீங்களா?" என்றாள். அவர் கவனித்ததில்லை. இத்தனை வருடமும் அவர் பார்த்தது அதன் முதுகைத்தான், எழும்பியிருக்கிறதா என்று. குனிந்து அதன் கண்ணைப் பார்த்தார், திரும்பி வாசலைப் பார்த்தார், துணியை உருவிக் கீழே போட்டார். ஆனால் அதன் தலையே அடுப்பின் வாயைவிடப் பெரிதாக இருந்தது. கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "அடுப்பை இடிச்சா மொத்தமும் அது மேலதான் விழும். இடிக்காம வெளிய எடுக்க வழி இல்ல" என்று கையை உதறினார். துணியை எடுத்துவிட்டோமே, மெல்ல இளைக்காதா என்று மனைவி கேட்டாள். வெந்த ரொட்டி மறுபடி மாவாகாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவர் மாவுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதார்.

"வந்த அன்னிக்கே விட்டிருந்தா போயிருக்கும்ல?" என்றார்.

"போயிருக்கும்" என்றாள் அவள். அவரைத் தேற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

கடையின் கதவை அவர் கீலோடு கழற்றிவிட்டார். இப்போது அடுப்புக்குள்ளிருந்து பார்த்தால் தெரு தெரியும், தெருக்கோடியில் மரங்கள் தெரியும். காலையில் அவர் விறகு வைக்கிறார், அவள் உலர்ந்த துணியால் கண்ணைத் துடைக்கிறாள். ஊர் அடுத்த தெருவில் ரொட்டி வாங்குகிறது. வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போகிறவர்கள் வாசலில் நின்று, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். "அப்படியேதான் இருக்கு" என்கிறார் கடைக்காரர். அவர்களும் தலையாட்டிவிட்டு, ரொட்டி ஆறுவதற்குள் வீடு போய்ச் சேருகிறார்கள்.