பல் டாக்டரின் பானெட்

பல் டாக்டருக்குத் துரு என்றால் சொத்தை, அவ்வளவுதான். கார் பானெட்டில் முதல் ஓட்டை விழுந்த அன்றே கிளினிக்கிலிருந்து டிரில்லைக் கொண்டுவந்து குடைந்து, பட்டிப் பசை வைத்து அடைத்து, "இனி வாயை மூடிக்கலாம்" என்று காரிடம் சொன்னார். துரு கேட்குமா? அடைப்புக்கு அடியிலேயே குடித்தனம் வைத்துப் பிள்ளை குட்டி பெற்றது. நாளடைவில் பானெட்டில் இரும்பு கால், பட்டி முக்கால். அதைத் தூக்க யானையை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று தெருவே பேசிக்கொண்டது.

"இந்தத் தடவை வண்டிச் சோதனையில தேறலைன்னா நேரா பழைய இரும்புக் கடைதான்" என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள். டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்த்துப் பேசாமல் அவர் சொல்வதைக் கேட்கும் ஒரே ஜீவன் அந்தக் கார்தான்.

டிங்கர் வேலை பார்க்கும் மச்சினன் ஓர் அலுமினிய பானெட்டைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"பாதி எடைதான் மாமா. துருவும் பிடிக்காது. போல்ட்டுதான் இரும்பு. ரெண்டும் ஒட்டாம நடுவுல பிளாஸ்டிக் வாஷர் வைக்கணும், நாளைக்குக் கொண்டாரேன்."

நாளை வரை பொறுக்கிற பிறவியா அவர்? அன்றே பழைய போல்ட்டுகளைப் போட்டு முறுக்கிவிட்டார். ஒரு மழைக்காலம் போயிற்று.

சோதனை நாளில் மனைவியும் கூடவே வந்தாள். ஆய்வாளர் பானெட்டில் காந்தத்தை வைத்தார். வழுக்கி விழுந்தது.

"முழுக்கப் பட்டியா சார்?"

"ஐயையோ, அலுமினியம்! தட்டிப் பாருங்க."

தட்டினார்; கணீரென்றது. ஒற்றை விரலால் தூக்கினார். பட்டம் போல எழுந்தது. டாக்டர் மனைவியைப் பெருமையாகப் பார்த்த நேரத்தில் ஆய்வாளர் கீலைப் பார்த்தார். போல்ட்டைச் சுற்றி மாவு கொட்டியது போல வெள்ளைப் பொடி. தொட்டால் போல்ட் ஆடியது.

"ரெண்டு உலோகத்தை நேரா ஒட்டவிட்டு மழைத்தண்ணியும் பட்டா, ஒண்ணு இன்னொண்ணைத் தின்னாம என்ன செய்யும்? மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா ஃபெயில்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளி அடைச்ச பல்லுக்கு எதிர்ல தங்கப் பல் வச்சா, எச்சில் பட்டு சுர்ருன்னு கரண்டு அடிக்கும்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்றேனே!"

"ஊருக்குத்தான் உபதேசம்" என்றாள் மனைவி.

கார் கிளினிக்குக்குப் பறந்தது. மச்சினன் புது போல்ட்டுகளோடு ஓடிவந்தான். டாக்டர் வெள்ளைப் பொடியைச் சொத்தையைப் போலச் சுரண்டினார். நோயாளிகளின் வாயில் விரிக்கும் ரப்பர் ஷீட்டை வெட்டி, துளை போட்டு, உலோகமும் உலோகமும் முகம் பார்க்காதபடி நடுவில் வைத்தார்.

"வாஷர் கையோட கொண்டாந்திருக்கேன் மாமா."

"உன் வாஷரை நீயே வச்சுக்கோ. இது பல்லுக்கே தாங்குது!"

மத்தியானத்துக்குள் திரும்பி வந்த காரின் பானெட்டை ஆய்வாளர் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "பழைய இரும்புக் கடை வழியா போங்க."

டாக்டருக்கு முகம் வெளுத்தது. "தேறிடுச்சேம்மா!"

"காரை எடுத்துட்டுப் போகக் கடைக்காரனைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்ல வேணாமா? ஓட்டுங்க."