பதினாறு வில்

எண்ணுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஐம்பது தாளக் கட்டம் சும்மா இருந்துவிட்டு ஐம்பத்தொன்றாவது கட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று இசைத்தாளில் போட்டிருந்தால், மண்டபத்தில் இடியே விழுந்தாலும் ஐம்பத்தொன்றில்தான் அவள் வில் கம்பியைத் தொடும். சிம்பொனி இசைக்குழுவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்குக் 'கணக்கு டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் வயலின்காரர்களுக்கு முதுகுக்குப் பின்னால் பேசுவதும் நன்றாகவே கேட்கும்.

நாற்பத்தொரு வயதில் கிடைத்த வேலை அது. அதற்கு முன்னால் யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது பிரசவம் என்றால் கடைசி நேரத்தில் கூப்பிடும் மாற்று ஆளாகவே காலத்தை ஓட்டியவள். இசைக்குழுத் தேர்வு என்றால் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். செருப்புச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் விரித்திருப்பார்கள். தொண்டையைக் கனைக்கக்கூட அனுமதி கிடையாது. எத்தனையோ திரைகளுக்குப் பின்னால் வாசித்துத் தோற்றுவிட்டு, கடைசியில் ஒரு திரைக்குப் பின்னால் ஜெயித்தாள். மற்ற எல்லாரையும்விட அவள் நாதம் தனித்துத் தெரிந்தது என்றார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆனால் ஒரு வருஷம் உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் நிரந்தரம். முதல் வயலின் பிரிவில் மொத்தம் பதினாறு பேர். வருஷக் கடைசியில் மற்ற பதினைந்து பேரும் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். வேண்டும் என்றால் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி அவளுடையது. வேண்டாம் என்றால் மறுபடியும் யாருக்காவது காய்ச்சல் வரட்டும் என்று தொலைபேசி பக்கத்தில் காத்துக்கிடக்க வேண்டும். இந்த வயதுக்கு மேல் இன்னொரு திரைக்குப் பின்னால் ஏறி நிற்கத் தன்னால் ஆகாது என்பது அவளுக்கே தெரியும்.

அவளுக்குக் கொடுத்தது ஏழாவது ஸ்டாண்டின் உள்பக்க நாற்காலி. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், ஒரே தாள். உள்பக்கம் இருப்பவர்தான் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கம் புரட்ட வேண்டும். வெளிப்பக்கம் உட்கார்ந்தவனுக்கு வயது இருபத்தாறு. எல்லாரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒத்திகைக்குக்கூடத் தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, கடைசி நிமிஷத்தில் அலுங்காமல் குலுங்காமல் ஒரு வருகை. வாசிக்க வேண்டாத கட்டங்களில் அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பாள். அவன் சட்டைக்கையில் ஒட்டிய வில் மெழுகுப் பொடியைத் தட்டிக்கொண்டிருப்பான், இல்லையென்றால் கூரை விளக்குகளை வேடிக்கை பார்ப்பான். அப்புறம் எங்கிருந்தோ வந்தவன்போல வில்லைத் தூக்கிச் சரியாகச் சேர்ந்துகொள்வான். எண்ணாமலேயே ஒருவன் சம்பளம் வாங்குகிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் மாதக் கச்சேரிக்கு அவள் கணவன் வந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். இசையில் அ, ஆ தெரியாது. ஆனால் பக்கத்து அறையில் அவள் சாதகம் செய்வதைக் கேட்டுக் கேட்டே தூங்கி எழுந்தவன். அவள் இடது தாடைக்குக் கீழே வயலின் அழுத்தி அழுத்திக் கறுத்துப்போன தழும்பைப் பார்த்து எவராவது ஒரு மாதிரி சிரித்தால், "அது உழைச்ச தழும்புங்க" என்று நிறுத்தி வைத்துச் சொல்கிறவன். கச்சேரி முடிந்ததும் ஓடி வந்தான்.

"பதினாறு பேர் வாசிச்சீங்க. ஆனா உன் சத்தம் மட்டும் தனியா வந்து என் காதுல விழுந்துச்சு. நீதான்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன்!"

அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு நாள் கழித்து நடைவழியில் பெரியக்கா அவளை நிறுத்தினாள். முதல் ஸ்டாண்டின் முதல் நாற்காலிக்காரி, வயலின்களுக்கெல்லாம் தலைவி. அவளைவிட மூத்த டிராம்போன்காரர்கள்கூடப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்க வயலின் முதல் ஸ்டாண்ட் வரைக்கும் தனியா கேக்குது" என்றாள் பெரியக்கா.

"ரொம்ப நன்றிக்கா."

"நான் பாராட்டலை."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எதற்காகத் தேர்ந்தெடுத்தார்களோ, அதையே இப்போது குற்றம் என்கிறார்கள். இது என்ன நியாயம் என்று அவள் கொதித்தாள். எனக்கும் நியாயமாகப் படவில்லைதான். ஆனால் இசைக்குழு என்பது நியாயம் பேசும் இடம் இல்லை.

அதோடு விட்டதா? ஓர் ஒத்திகையில் பெரியக்கா ஒரு வரியின் முடிவைக் கொஞ்சம் இழுத்து வாசித்தாள். மற்ற பதினான்கு வில்லும் கூடவே இழுத்தன. கணக்கு டீச்சரின் வில் மட்டும் தாளில் போட்டிருந்தபடி டாணென்று முடிந்து, அடுத்த சுரத்தைத் தொட்டுவிட்டது. இசை நடத்துநர் கையை நிறுத்தினார். "ஏழாவது ஸ்டாண்ட்" என்றார்.

"தாள்ல இப்படித்தான் இருக்கு" என்றாள் அவள், விட்டுக்கொடுக்காமல்.

பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லாத குரல். "சரியாத்தான் வாசிச்சீங்க. ஆனா தனியா வாசிச்சிட்டீங்களே."

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சரியா செஞ்சதுக்குத் திட்டா? நாளைக்கு லிஃப்ட் சரியான மாடியில நின்னா என்னையும் திட்டுவாங்களோ?" அவள் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு பேசப்போகிற பதினைந்து பேரின் முகமும் கண் முன்னே வந்து போயிற்று.

மாப்பிள்ளைதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தான். "அக்கா, நாம உக்காந்திருக்கிறது கடைசிக்குப் பக்கத்துல. முன்னாடி வாசிக்கிறது இங்க வந்து சேர்றதுக்கே நேரமாகும். காதை நம்பினா லேட்டு. தாளை மட்டும் நம்பினா நீங்க ஒத்தை ஆளு. பெரியக்கா முதுகைப் பாருங்க, புண்ணியமாப் போகும். உங்க பக்கத்துல உக்காந்து எனக்கும் சேத்துத் திட்டு விழுது."

வேண்டா வெறுப்பாகத்தான் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க அசந்துபோனாள். ஒலி பிறப்பதற்கு முன்னால் பெரியக்காவின் முதுகு ஒரு மூச்சு வாங்கும். மெதுவான இடமென்றால் மெல்லிய மூச்சு, வெடிக்கிற இடமென்றால் தோளோடு சேர்ந்த மூச்சு. அந்த மூச்சிலேயே எவ்வளவு வில், எவ்வளவு அழுத்தம், எந்த நொடி என்று எல்லாம் இருக்கும். இரண்டாவது ஸ்டாண்டின் முழங்கை அதை வாங்கும், மூன்றாவது வாங்கும், கண் இமைப்பதற்குள் கடைசி நாற்காலி வரை வந்துவிடும். ஒத்திகையில் பெரியக்கா வில்லின் போக்கை மாற்றினால், "மேல் வில், மேல் வில்" என்ற முணுமுணுப்பு ஸ்டாண்ட் ஸ்டாண்டாகப் பின்னால் வரும், கூடவே பென்சில்கள் தாளில் கீறும். ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. அழகுதான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனாலும் மனதுக்குள் ஓர் எண்ணம் இருந்துகொண்டே இருந்தது: எண்ணத் தெரியாதவர்கள், முன்னால் போகிறவளைப் பார்த்துப் போகிறார்கள், அவ்வளவுதான், ஆட்டு மந்தை. இந்த எண்ணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அது அவளுக்கு நல்லதாகப் போயிற்று.

வருஷத்தின் கடைசிக் கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அது முடிந்த கையோடு பதினைந்து பேரும் கூடிப் பேசுவது என்று ஏற்பாடு. அரங்கின் நடுவில், லிஃப்ட் உடுப்பைக் கழற்றி நல்ல சட்டை போட்டுக்கொண்டு கணவன் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் பகுதியில் ஓர் இடம் இருந்தது. வயலின்கள் முப்பத்திரண்டு கட்டம் மௌனம். அதுவரை பிரெஞ்சு ஹார்ன் ஒன்றே ஒன்று தன்னந்தனியாகப் பாடும். முப்பத்து மூன்றாவது கட்டத்தில் பதினாறு வயலின்களும் மேல் சுரத்தில், மிக மெல்லிசாக, வேறு எந்த வாத்தியத்தின் துணையும் இல்லாமல் உள்ளே வர வேண்டும். ஒரு வில் பிசகினாலும் கடைசி வரிசைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

எண்ணிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வழக்கம்போல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று முடியப்போகும்போது, பெரியக்காவின் முதுகு மூச்சு வாங்கியது.

இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. முழுசாக ஒரு கட்டம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தவறாத பெரியக்கா, அன்றைக்கென்று ஒரு கட்டம் முந்திவிட்டாள். ஏன் என்று பெரியக்காவுக்கே தெரியாது. நடக்கும், அவ்வளவுதான்.

வில்லைத் தூக்காமல் சும்மா இருந்தால் போதும். ஒருவரும் அவளைக் குறை சொல்ல முடியாது. தாள் அவள் பக்கம், கணக்கு அவள் பக்கம். ஆனால் அந்த மூச்சைப் பார்த்தாள். அந்த முதுகு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பதினைந்து பேர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் அது ஏற்கெனவே கிளம்பிவிட்டது. இந்த மௌனத்துக்குள் பெரியக்கா ஒற்றை வயலினோடு போய் நிற்பதை நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் அவள் வில் எழுந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்தே தப்பான இடத்தில் வாசித்தாள்.

பதினாறு வில்லும் ஒன்றாகத்தான் தொட்டன. நடத்துநரின் புருவம் ஒரு மயிரிழை உயர்ந்தது, கை அசங்கவில்லை. ஹார்ன்காரர் தன் கடைசிச் சுரத்தைப் பாதியில் மடித்து, அப்படித்தான் எழுதியிருந்ததுபோல இறங்கிக்கொண்டார். செல்லோக்கள் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்து வந்து சேர்ந்தன. இரண்டே கட்டத்தில் எல்லாம் நேராகிவிட்டது. அரங்கில் ஒருவர் இருமவில்லை. கைதட்டல் மட்டும் முடிகிற வழியாக இல்லை.

மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் வந்ததும் பெரியக்கா வயலினை மேஜையில் வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு கட்டம் முந்திட்டேன்" என்றாள் எல்லாரிடமும். பிறகு ஏழாவது ஸ்டாண்டுக்காரியைத் தேடிப் பிடித்தாள். "நீங்க எண்ணியிருப்பீங்களே. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அவளுக்கு யோசிக்க நேரமில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள். "பின்ன, உங்களைத் தனியா விடச் சொல்றீங்களா?"

பெரியக்கா மேஜையிலிருந்த வயலினை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மாப்பிள்ளை கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே, "முப்பத்தொண்ணுதானே ஆச்சு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு" என்றான்.

"நீ எண்ணிக்கிட்டா இருந்தே?" என்றாள் கணக்கு டீச்சர்.

"என்னக்கா கேள்வி இது? எண்ணாம எப்படி?"

"எனக்கும் முப்பத்தொண்ணுதான்" என்றாள் மூன்றாவது ஸ்டாண்ட் பெண். "முப்பத்தொண்ணு" என்றார் கடைசி நாற்காலிக்காரர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பதினைந்து பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லாத அரை நொடிக்குள், பதினைந்து பேரும் அவரவர் கணக்கைத் தூர வைத்துவிட்டுப் பெரியக்கா பின்னால் கிளம்பியிருக்கிறார்கள். இவர்களையா மந்தை என்று நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, தன்னால் சொல்லவே முடியாத ஒரு பெருமையும் வந்தது.

பேசுகிற நேரம் வந்தது. அவள் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நடைவழிச் சுவரில் சாய்ந்தாள். தப்பாக வாசித்ததை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறாளே, அதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ? பெட்டியின் கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தாள். சரியாக நிற்பதற்குள் கதவு திறந்து, படிய வாரிய தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"என்னக்கா இங்க நிக்கிறீங்க? வெளியாளுங்கதான் வெளிய நிப்பாங்க. உள்ள வாங்க."

அரை மணி கழித்து அவள் பின்வாசலுக்கு வந்தபோது இன்னும் நல்ல வெயில் இருந்தது. கணவன் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தான். ஓடி வரவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் கலக்கமாகிவிட்டது.

"வேலை போயிடுச்சா?" என்றான்.

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"இல்ல..." அவன் தயங்கினான். "நானும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். ஆரம்பத்துலேர்ந்து தேடறேன். உன் சத்தம் தனியா கேக்கவே இல்ல. அந்த மெதுவான இடத்துலகூட, ஹார்ன் முடிஞ்சு நீங்க எல்லாம் வந்தீங்களே, அங்ககூடப் பாத்தேன். ஒரே ஒரு ஆள் வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. எது நீ, எது அவங்கன்னே தெரியல. தப்பா நினைச்சுக்காத."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"எதை?"

"கேக்கலைன்னு சொன்னீங்களே, அதை."

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். ஆனாலும் பெண்டாட்டி கேட்டுவிட்டாளே என்று, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கவே சொன்னான்.

"கேக்கவே இல்லம்மா! சத்தியமா, உன்னைத் தனியா கேக்கவே இல்ல!"