இரண்டு வருடம் முந்திக் கேட்ட அழுகை

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டிலிருந்த வால்வு ரேடியோவில், அதே வீட்டில் இரண்டு வருடம் கழித்து எழப்போகும் சத்தங்கள் கேட்டன. செய்தியும் பாட்டும்கூடச் சுமாராக எடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முள்ளை வலது கோடிக்குத் தள்ளி, நிலையங்கள் எல்லாம் முடிந்துபோகும் இடத்தில் நிறுத்தினால், குழாயில் தண்ணீர் விழுவதும் நாற்காலி இழுபடுவதும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதும் லேசான கரகரப்போடு வரும். முதன்முதலில் அவர்கள் கேட்டது தங்கள் சண்டையைத்தான். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டது யார் என்பது வழக்கு. அப்போது அந்த வீட்டில் ஃப்ரிட்ஜே கிடையாது. இரண்டு வருடம் கழித்து, தவணையில் ஒன்று வாங்கி வைத்த மறுவாரம், வார்த்தை பிசகாமல் அதே சண்டை வந்தது. நடுவில் இருவருக்குமே சிரிப்பு முட்டியது. ஆனால் ரேடியோவில் சிரிப்புச் சத்தம் எதுவும் வரவில்லையே என்று அடக்கிக்கொண்டு, மிச்சச் சண்டையையும் போட்டு முடித்தார்கள்.

ரேடியோ வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. இழுத்து மூடப்பட்ட ஒரு பழைய ஓட்டல், லிஃப்ட் பழுதுபார்த்த கூலிக்குப் பதிலாக அதை அவர் தலையில் கட்டிவிட்டது. தேக்குப் பெட்டி, தந்த நிறக் குமிழ்கள், நிலையம் சரியாகச் சிக்கினால் பிரகாசமாக விரியும் ஒரு பச்சைக் கண். அந்த வகையில் மிஞ்சியிருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று பிற்பாடு தெரிந்தது. உள்ளே பல்பு மாதிரி இருந்த வால்வுகளில் ஒன்று மட்டும் செத்துப்போயிருந்தது. அசல் எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து வேறொரு வால்வைக் கழற்றி, அதன் கால்களை அரத்தால் ராவி, எப்படியோ பொருத்திவிட்டார். அன்றிலிருந்துதான் வலது கோடியில் வீட்டுச் சத்தம் வர ஆரம்பித்தது. கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்த அவர் மனைவி, அந்த ரேடியோவை 'மூத்த தாரம்' என்றுதான் சொல்வாள். வேலையிலிருந்து வந்ததும் அவர் முதலில் துடைப்பது அதைத்தான், முகத்தை அப்புறம்தான். வெளியே யாரிடமும் இருவரும் மூச்சு விடவில்லை. தங்கள் சண்டையைத் தாங்களே முன்கூட்டிக் கேட்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. சிகிச்சை எடுத்தால் ஒழிய இனிமேலும் வழி இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சாயங்காலம் ரேடியோவில் குழந்தை அழுதது.

"மாடி வீடா இருக்கும்," என்றாள் மனைவி. மாடியில் இருந்தவர் கல்யாணமே ஆகாதவர். அழுகை தங்கள் வீட்டுக் கூடத்திலிருந்துதான் வந்தது. கூடவே தங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அடித்தது. குழந்தை விடாமல் அழுதது. யாரும் தூக்கவில்லை. கேட்கக் கேட்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "யாராவது தூக்கக் கூடாதா? பெத்துப் போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சாங்க!" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள். கத்திய பிறகுதான், பெற்றுப் போட்டுவிட்டுத் தொலைந்தவர்கள் யார் என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக் குமிழைத் தொடப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

சந்தோஷப்பட அவர்களுக்கு ஓர் இரவுதான் கிடைத்தது. விடிந்ததும் கணக்கு பயமுறுத்தியது. ரேடியோ சொன்னது நடக்க வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்குள் குழந்தை பிறந்து அந்தக் கூடத்தில் கிடந்து அழ வேண்டும். சிகிச்சை இல்லாமல் பிறக்காது. வீட்டில் விலைபோகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை விற்றால்தான் குழந்தை. குழந்தை வரும் என்று சொன்னதும் அந்த ரேடியோதான். மனைவி ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அதுதான் அவரை வாட்டியது. ஒரு வாரம் வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாம் தப்பான மாடியில் லிஃப்டை நிறுத்திவிட்டு, கடைசியில் அவரே போய், பழைய ரேடியோ சேர்க்கும் ஒரு பல் டாக்டரைப் பார்த்தார்.

பல் டாக்டர் ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வீடு முழுக்க ரேடியோ. எல்லாம் பளபளவென்று இருக்கும், ஒன்றும் பாடாது. இந்த ரேடியோவுக்கு அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கத் தயார். ஆனால் ஆணி முதற்கொண்டு அசலாக இருக்க வேண்டும், ஓர் ஒட்டு இருந்தாலும் விலை பாதியாகிவிடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மெக்கானிக் அலையாய் அலைந்து அசல் வால்வு ஒன்றைப் பிடித்துவிட்டார். பொருத்தியதும் ரேடியோ குயிலாகப் பாடியது. முள்ளை வலது கோடிக்குத் தள்ளினார். வெறும் இரைச்சல். தண்ணீர் இல்லை, நாற்காலி இல்லை, குழந்தை இல்லை. "இரு, பழசையே போட்டுடறேன்," என்றார்.

"செய்தி வாசிக்கலேன்னா மழை பெய்யாம போயிடுமா?" என்றாள் மனைவி. அந்த ஒட்டு வால்வை வாங்கி, துணியில் சுற்றி, மேஜை டிராயரில் போட்டு மூடினாள்.

டாக்டர் பார்க்க வந்தபோது, பல் பார்க்கும் குச்சிக் கண்ணாடியைப் பெட்டிக்குள் விட்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு வால்வையும் இரும்புக் கம்பியால் மெல்லத் தட்டிப் பார்த்தார். எங்கே ரேடியோவை வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. மெக்கானிக் முன்பு ஈயம் பற்றவைத்திருந்த ஓரிடத்தில் கம்பி நின்றது. மெக்கானிக்கின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கம்பி நகர்ந்தது. சுத்தம் என்றார் டாக்டர். இரண்டு பேர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேஜையில் அது இருந்த இடம் மட்டும் புது மரமாகப் பளிச்சென்று தெரிந்தது.

முதல் தடவை சிகிச்சை பலிக்கவில்லை. மாதக்கணக்கில் வயிற்றிலும் தொடையிலும் ஊசி குத்திக்கொண்டவள், அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து, கடைக்குப் போய் மாலைவரை லென்ஸ் பொருத்தினாள். கையில் இருந்த பணம் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். அழுகை கேட்டு ஒன்பது மாதம் ஓடிவிட்டது. இந்தத் தடவையும் தவறினால் அந்தக் கூடத்தில் அந்த நாளில் அழக் குழந்தை இருக்காது. மெக்கானிக்குக்கு அந்த வால்வைக் கழற்றிய கையின்மேலேயே வெறுப்பு வந்தது. போகிறபோதும் வருகிறபோதும் டிராயரைப் பார்ப்பார். ஒருநாள் அவள் வெடித்தாள்.

"ஊசி குத்திக்கிறவ நான். நீங்க டிராயரைப் பார்த்துப் பெருமூச்சு விடறீங்க. என் முகத்தைப் பார்த்து ஒரு நாளாவது பயந்தீங்களா?"

பயந்ததால்தான் பார்க்கவில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சண்டை எப்படி முடியும் என்பதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அது முடியவே இல்லை. ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், அவர் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பல் டாக்டர் வீட்டுக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்ட டாக்டருக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை, கோபம்தான் வந்தது. "தம்பி, தங்கப் பல்லு கட்டின இடத்துல ஈயத்தை அடைக்கச் சொல்றீங்களா?" என்றார். மெக்கானிக் கெஞ்சினார். ஐந்தே நிமிடம், திரும்ப மாட்டிவிடுகிறேன் என்றார். கடைசியில் அழுதுவிட்டார். வாழ்நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்து அழுதவர்களைப் பார்த்த மனிதர், நின்றுகொண்டு அழுகிறவரைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல், ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார்.

ஒட்டு வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பச்சைக் கண் விழித்தது. ரேடியோ வீடு மாறியும் பழைய வீட்டை மறக்கவில்லை: வலது கோடியில் முதலில் மெக்கானிக் வீட்டு ஃபேன் சுற்றும் சத்தம். பிறகு ஒரு பாத்திரம். பிறகு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை இல்லாத வீட்டின் சத்தம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இது அப்படியே இருந்தது. டாக்டர் ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினார். அப்போது வீறிட்டு ஓர் அழுகை.

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. காதைப் பெட்டியோடு ஒட்டிக் கேட்டார். "இது பசி அழுகை இல்ல. கடைவாய்ப் பல்லு முளைக்குது. ஒரு வயசு தாண்டின குழந்தை," என்றார். அதற்குள் ரேடியோவில் மெக்கானிக்கே பேசினார்: "ஐயோ, விரலைக் கடிச்சுட்டா!" பின்னால் அவர் மனைவி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

சத்தம் அடங்கியதும் மெக்கானிக் சொன்னபடி வால்வைக் கழற்றப் போனார். டாக்டர் அவர் கையைத் தட்டிவிட்டார். ஒட்டு வால்வு ரேடியோவிலேயே இருந்தது; அசல் வால்வுதான் டாக்டரின் டிராயருக்குப் போயிற்று.

எங்கே போயிருந்தீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, பல் காட்டிவிட்டு வந்தேன் என்றார். அவர் முகத்தைப் பார்த்தாள். "சொல்லாதீங்க. ஒரு வார்த்தை சொன்னாலும் நாளைக்கு நான் வரமாட்டேன்," என்றாள். அவர் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அதைப் பார்த்துவிட்டாள். தன் பாயைத் தூக்கி வந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் சொன்னபோது மெக்கானிக் தெரியும் என்று தலையாட்டியதை ஆஸ்பத்திரியில் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சாயங்காலமும் தவறாமல் வந்தது. கூடத்தில் கிடந்த குழந்தை அழ ஆரம்பித்தது, கடிகாரம் அடித்தது. இருவரும் ஓடி வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். அதே அழுகைதானா என்று ஒவ்வோர் ஏற்ற இறக்கமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் அன்றைக்கு யாரும் தூக்கவில்லை.

பிறகு பல் டாக்டரின் போன்கள் ஆரம்பித்தன. தினம் சாயங்காலம் அவர் வீட்டில் ஒரே ஒரு ரேடியோ மட்டும் பாடியது. வாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடுங்கள், கீழ்த் தாழ்ப்பாளை அவள் திறந்துவிடுவாள் என்பார். குழந்தை அப்போது தவழக்கூட இல்லை. மனைவி ஒரு சட்டம் போட்டாள்: நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது, என்ன வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். டாக்டர் ஒப்புக்கொண்டார். செருப்பு, ஜுரத்துக்கு மருந்து, கலர் பென்சில் என்று மட்டும் சொல்லிவந்தார். பெண்ணுக்கு நாலு வயதானபோது, ஒருநாள் போன் செய்துவிட்டு எதையும் சொல்லாமல் வைத்துவிட்டார். அன்று ரேடியோவில் அவர் கேட்டது தன்னுடைய குரலை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அலமாரியில் கிடந்த பழைய கருவிப் பையைத் துடைத்து, வாசலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதல் பால்பல் ஆட ஆரம்பித்ததும் பெண் யாரையும் கிட்டே விடவில்லை. வேறு வழியில்லாமல் மனைவி டாக்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது போனில் இல்லை, வாசலில். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பையோடு டாக்டர் நின்றிருந்தார். அந்த வீட்டுக்குள் அவர் வருவது ரேடியோவை வாங்கிப் போன பிறகு இதுதான் முதல் தடவை; ஆனால் எந்த நாற்காலி கிரீச்சிடும் என்று தெரிந்து, அதை விட்டு வேறொன்றில் உட்கார்ந்தார்.

"வலிக்குமா தாத்தா?" என்றாள் பெண்.

"நீ எவ்வளவு நேரம் அழுவேன்னு எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர். "கொஞ்ச நேரந்தான்."

அவள் அவ்வளவு நேரம்தான் அழுதாள். அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஐஸ்கிரீம் கேட்டாள். அவர் அதை வரும்போதே வாங்கி வந்திருந்தார்.