செவ்வாய்க்கிழமை ரேகை

1983 ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சலூன் வைத்திருந்த பாண்டுரங்கனின் சவரக்கத்தியில் ஒரு மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை வயல், முளைத்தது. கால் ஏக்கர் தேறும், களையெடுத்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பழைய எஃகைப் பொறுமையாகக் கல்லில் தீட்டினால் உள்ளே ஓடும் வரிகள் மேலே தெரியும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் வியாழக்கிழமை அதே வரிகள் மயிலம் மலைப்படிகளாக மாறின. வெள்ளிக்கிழமை கண்ணாடி வளையல் போட்ட கையாக மாறின. முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணப் பேச்சு கூடிவராத பாண்டுரங்கன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றதில், நாற்காலியில் இருந்த வாத்தியாருக்கு முகத்தில் சோப்பு நுரை காய்ந்துபோனது.

கத்தியைக் கொடுத்தவர் குவைத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த கோட்டக்குப்பம் சிக்கந்தர் பாட்சா. அங்கே பழைய சாமான் கடையில் ஒரே பெட்டியில் இரட்டையாகக் கிடைத்த, நூறு வயது ஜெர்மன் கத்திகள். இன்னொன்றை விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் சலூன்களுக்குக் கத்தி தீட்டித் தரும் அம்சவள்ளியிடம் கொடுத்ததாகச் சொன்னார். அவளுடைய அப்பாவும் சலூன்காரர். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் தீட்டுக்கல் மகளிடம் வந்துவிட்டது. பாண்டுரங்கன் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தான். அந்தக் கொல்லை அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அவள் கத்தியிலோ அவனுடைய சுழல் நாற்காலி, ரசம் போன கண்ணாடி, டிரான்சிஸ்டர் எல்லாம் இருந்தன. தீட்டும்போது அவள் நினைப்பது இவன் கத்தியில், இவன் நினைப்பது அவள் கத்தியில். அன்றைய நினைப்பு அன்றைக்கு மட்டும், விடிந்தால் அழிந்துவிடும். "இன்னும் களை எடுக்கலியேன்னு நெனச்சிக்கினே தீட்டனேங்க," என்று அவள் சிரித்தாள். அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டான்.

இரண்டு வருஷம் சந்தோஷமாக ஓடியது. திண்டிவனத்துக்காரர்கள் காலையில் பேப்பருக்கு முன்னால் கத்தியைப் பார்த்தார்கள். விழுப்புரத்தில் அம்சவள்ளி கேப்பைக் கூழ் குடித்தாளா காபி குடித்தாளா என்பது பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும். பாண்டுரங்கன் அவளையே நினைத்துத் தீட்டினான். அவன் தீட்டிய நாளிலெல்லாம் அவள் கத்தியில் அவள் முகமே வந்தது. வாய் திறந்து கேட்க மட்டும் தைரியம் வரவில்லை. திடீரென்று ஒருநாள் அவன் கத்தி வெறும் இரும்பானது. எட்டு வாரம் ஒரு கோடு கிடையாது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் சிக்கந்தர் பாட்சா வந்து சத்தம் போட்டார்: "இன்னாப்பா, தூங்கிக்கினு கீறியா? வர்ற செவ்வாக்கெழம கண்டாச்சிபுரத்துலேர்ந்து அந்தப் பொண்ண பாக்க வர்றாங்க!" மாப்பிள்ளை அப்பாதுரையும் சலூன்காரன், அவர்களுக்கு லீவு நாள் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை சலூன்காரன் கத்தியை விரிப்பதில்லை. பாண்டுரங்கனும் பிறந்ததிலிருந்து விரித்ததில்லை. அன்றைக்கு மனசு கேட்காமல் கடைக்கதவைப் பாதி திறந்து, கல்லில் நாலு இழுப்பு இழுத்தான். எஃகில் இரண்டு கல்யாண மணைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள். மற்றது காலி.

விரித்த கத்தியோடு பஸ் ஏறிய ஆளுக்கு உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. விழுப்புரத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பஜ்ஜி சூடாக வந்துகொண்டிருந்த நேரத்தில் அவன் உள்ளே நுழைந்து கத்தியை நீட்டினான். அம்சவள்ளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒம்போது செவ்வாயா இதத்தான் கேட்டுக்கினு இருக்கேன்! மத்த நாள்ல கேட்டா உங்க பஸ் ஸ்டாண்டே பாக்கும். செவ்வாக்கெழமன்னா கட மூடியிருக்கும், நீங்க மட்டும் பாப்பீங்கன்னு பாத்தா..."

"செவ்வா லீவுங்க. பொட்டியவே தொறக்க மாட்டேன்."

ஊர் சலூன் கத்திகளெல்லாம் லீவு நாளில்தான் பையோடு தீட்ட வரும் என்பதால், செவ்வாய்தான் அவளுக்கு வேலை அதிகம். லீவு நாளில் அவன் கத்தியையே தொட மாட்டான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பதில் வராத கோபத்தில் மற்ற நாள்களில் எதையும் நினைக்காமல் தீட்டியிருக்கிறாள். "அவரு சொல்றது ஞாயந்தாங்க, நானும் தொட மாட்டேன்," என்றான் அப்பாதுரை.

பாண்டுரங்கன் அவளுடைய கல்லைக் கேட்டு வாங்கி, அங்கேயே மூன்று இழுப்பு இழுத்தான். அவளும் தன் கத்தியை எடுத்து மூன்று இழுப்பு இழுத்தாள். இரண்டு கத்திகளிலும் காலி மணையில் அவன் வந்து உட்கார்ந்தான், வெட்கத்தில் தலை குனிந்தபடி. எட்டிப் பார்த்த அப்பாதுரை, "ஒக்காந்துட்டாரு," என்று சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டான்.

தையில் மயிலத்தில் கல்யாணம். அதன்பிறகு திண்டிவனம் கடையில் கத்திகள் இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தன, செவ்வாய்க்கிழமைகளிலும் கதவு பாதி திறந்திருந்தது. யாராவது சவரத்துக்குத் தலையை நீட்டினால் அம்சவள்ளி, "இன்னிக்கு லீவுங்க, பாத்துட்டு மட்டும் போங்க," என்பாள். பார்த்துவிட்டுப் போனார்கள்.