நாற்பத்திரண்டு கம்பங்கள்

இரும்பு தாவூத் நபிக்கு மெழுகாய் இளகிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அது வேறு யாருக்காவது கீழ்ப்படிந்திருக்கிறதென்றால், அது கல்முனைக்குடி கடற்கரை வீதியில் பட்டறை வைத்திருக்கும் மர்சூக்குக்குத்தான். இதை ஊரார் சொல்லவில்லை. மர்சூக்கே சொன்னார், பிளேன்டீயை ஆற்றிக்கொண்டு, இன்றைக்கு மழை வரும்போல என்று சொல்கிற அதே குரலில். சொன்ன கையோடு அஸ்தஃபிருல்லாஹ் என்று இறைவனிடம் மன்னிப்பும் கேட்டுவிடுவதால் ஆலிம்களாலும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

சண்டை முடிந்த வருஷம், சுனாமி வீட்டுத்திட்டத்துக்குக் கரண்ட் வருவதற்கு முன்னால் சோலார் வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு பனல் கொடுத்தது. வாசலில் ஒரு கம்பம், அதன் உச்சியில் பனல். கம்பம் செய்கிற வேலை மர்சூக்குக்கு விழுந்தது. இரும்பு வேறு யாரிடம் போகும்?

பட்டறையில் வெல்டிங் பிடித்தவர் பாண்டிருப்புக் கதிர்காமத்தம்பி. சுனாமிக்கு முன் சொந்தமாக எஞ்சின் படகு வைத்திருந்தவர். படகையும் மனைவியையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோன பிறகு வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டார். முகமூடிக்குள்ளே அழுதால் யாருக்கும் தெரியாது என்பது அந்தத் தொழிலில் உள்ள ஒரு வசதி. கல்வனைஸ் பைப்புகள் லொறியில் வந்து இறங்கிய அன்று அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மர்சூக்கிடம் வந்தார்.

"முதலாளி, இதுக்கு வெல்டிங் வேணாம். மேல பூசிக் கிடக்கிற துத்தநாகம் எரிஞ்சி போயிரும். எரிஞ்ச இடத்திலதான் கறள் புடிக்கும். போல்ட் போட்டு இறுக்குவம்."

"சில்வர் பெயின்ட் எதுக்கிரிக்கி கதிரண்ணே?"

"பெயின்ட் கண்ணுக்கு முதலாளி, காத்துக்கு இல்ல. அதோட பனல்ட சட்டம் அலுமினியம். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கிட்டு உப்புக் காத்தில நிண்டா ஒண்டையொண்டு தின்னும். எஞ்சின் பூட்டின நாளில கண்ட நான். நடுவில சைக்கிள் ட்யூப் துண்டொண்டு வெச்சமெண்டா..."

"பனலுக்குக் கோவணம் கட்டச் சொல்றீங்களா?"

பட்டறை முழுக்கச் சிரித்தது. பக்கத்துப் பஞ்சர் கடையும் விஷயம் தெரியாமலே சேர்ந்து சிரித்தது. பத்தொன்பது நாளில் நாற்பத்திரண்டு கம்பத்தையும் கதிர்காமத்தம்பியே பற்றவைத்து முடித்தார். சில்வர் பெயின்ட் அடித்ததும் அவை வெள்ளிப் பாத்திரம் போல மின்னின. பெரிய மனிதர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். அவர்கள் போன மறுநாள் பெண்கள் கம்பத்திலிருந்து வேலிக்குக் கயிறு இழுத்து உடுப்புக் காயப்போட்டார்கள்.

கதிர்காமத்தம்பியின் வீட்டுக்கும் அதே நிறுவனம் ஒரு பனலும் பைப்பும் கொடுத்திருந்தது. அவர் அதை வெல்டிங் வைக்காமல், படகுச் சாமான் கடையில் தன் காசுக்கு எவர்சில்வர் போல்ட் வாங்கி, ட்யூப் துண்டு வைத்து இறுக்கினார். மர்சூக் இதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு பாண்டிருப்புக்கு மோட்டார் சைக்கிளில் போனார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குக் காலை வணக்கம் இதுதான்: "கதிரண்ணே, கோவணம் கழுவினீங்களா?"

இரண்டாவது மாரியில் ஒரு பகல், வாடைக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. புயல் ஒன்றுமில்லை. ஸைனம்பு கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க ஓடினாள். சுனாமியில் புருசனை இழந்து, அபாயா தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். கம்பத்தின் கழுத்து பற்றவைத்த இடத்தில் முறிந்து பனல் அவள் வலது மணிக்கட்டின் மேல் விழுந்தது. ஆசுபத்திரியில் தைத்தார்கள். தோல் ஒட்டியது, விரல்கள் மடங்கவில்லை. நரம்பு என்றார் டொக்டர். தைக்கிற தொழிலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

செய்தி கேட்டதும் மர்சூக்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்வர் பெயின்ட் அப்படியே இருந்தது. அதற்குள்ளே இரும்பு இல்லை. விரல் பட்டதும் கறள் பழுப்புத் துருவாக உதிர்ந்தது. அவர் அண்ணாந்து அந்த வரிசையைப் பார்த்தார். இன்னும் நாற்பத்தொரு கழுத்து. உதிர்ந்ததைச் செருப்பால் மண்ணோடு தேய்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் விசாரணை. தலைவர் முகைதீன்பாவா, முன்னாள் நெல் ஆலைக்காரர். மர்சூக் முதலில் கொடியைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பம் பனலுக்குத்தான் செஞ்ச. துணிமணி தொங்கப்போட இல்ல."

ஓரமாக நின்ற ஸைனம்பு அண்ணன் முறை வைத்தே சொன்னாள், "நாப்பத்திரண்டு ஊட்டிலயும் கொடி கட்டித்தானே காக்கா இரிக்கி. என்ட கொடியில கிடந்த ரெண்டு சட்டையும் ஒரு பாவாடையும்தான். அதத் தாங்காத இரும்பா?"

யாரோ சிரித்தார்கள். முகைதீன்பாவா சிரிக்கவில்லை. "அப்ப மத்த நாப்பத்தொண்டும்?"

ஓம் என்றால் நாற்பத்தொன்றையும் இறக்க வேண்டும். இறக்கினால் மர்சூக் தன் பட்டறைப் பெயர்ப்பலகையையும் சேர்த்தே இறக்கிவிடலாம்.

"வெல்டிங் புடிச்ச ஆரு?" என்றார் முகைதீன்பாவா.

"கதிர்காமத்தம்பி" என்றார் மர்சூக்.

அது பொய்யில்லை. அதுதான் அதன் அழகு.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தாள்ட ஊட்டுக் கம்பம் ஆடாம நிக்கிதே. போல்ட்டும் ட்யூபும் போட்டிரிக்காரு. நான் கண்ட."

முகைதீன்பாவா மெதுவாகக் கேட்டார், "தன்ட ஊட்டுக்கு ஒரு மாதிரி, எங்கட ஆக்கள்ட ஊட்டுக்கு ஒரு மாதிரியா?"

மர்சூக் வாயைத் திறந்தார். பட்டறைச் சிரிப்பு, கோவணம், பாண்டிருப்புப் பயணம் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன.

"அதத்தான் நானும் யோசிக்கன்" என்றார்.

கதிர்காமத்தம்பியை அழைத்து வந்து வாசற்படியில் நிறுத்தினார்கள். அவர் மற்றவர்களை விட்டுவிட்டு மர்சூக்கையே பார்த்தார்.

"முதலாளி, வெல்டிங் வேணாமெண்டு நான் சொல்லல்லயா? ட்யூப் வெப்பமெண்டு சொல்லல்லயா?"

மர்சூக் மேலே சுழல்கிற விசிறியைப் பார்த்தார். "பட்டறையில ஆயிரம் கதை கதைப்பாங்க. எத ஞாபகம் வெக்கிற?"

சண்டை முடிந்து ஒன்றரை வருஷம்தான். 'வேணுமெண்டு செஞ்ச' என்ற சொல் ஒரு தமிழன் பேரோடு பொலிசுக்குப் போனால் எந்த நிற வான் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும் என்று கதிர்காமத்தம்பிக்குத் தெரியும். அவர் ஒரு படி கீழே இறங்கி நின்றார். சபை பெருந்தன்மையாக நடந்துகொண்டது. பொலிசு வேண்டாம். அந்த ஆள் இனிமேல் இந்தப் பக்கம் வேலைக்கு வரக்கூடாது. அவருடைய வீட்டுப் பனலைக் கழற்றி ஸைனம்புவுக்குக் கொடுக்க வேண்டும். மற்ற நாற்பத்தொரு கம்பத்துக்கும் இலவசமாக இன்னொரு தரம் சில்வர் பெயின்ட் அடித்துத் தருவதாக மர்சூக் ஒப்புக்கொண்டார். மாஷா அல்லாஹ் என்றார்கள்.

மூன்றாம் நாள் கதிர்காமத்தம்பி பனலைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் சாத்தினார்.

"போல்ட்?" என்றார் மர்சூக்.

"அது நான் காசு குடுத்து வாங்கின" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மர்சூக் அவரிடம் கோவணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

எவர்சில்வர் போல்ட் வாங்க மர்சூக் கல்முனைக் கடைகளை விட்டுவிட்டு நிந்தவூர் வரைக்கும் போனார். பஞ்சர் கடையில் பழைய ட்யூப் கேட்டபோது, சின்னவனுக்குக் குருவியடிக்கக் கெட்டப்போல் கட்ட என்றார். லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஊர் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் போன நேரம் பார்த்து ஸைனம்புவின் வாசலில் ஏணியைச் சாத்தினார். புதிய பைப்பில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். பற்றவைக்கிற மெஷினைக் கொண்டுவரவில்லை. ஏணியில் ஏறிய பிறகுதான் ட்யூபை வெட்ட ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"புள்ள, கத்திரிக்கோல் ஒண்டு தா."

ஸைனம்பு தையல் கத்திரிக்கோலை எடுத்து வந்து கீழிருந்து நீட்டினாள்.

"இடக்கையால தாறன் காக்கா, குறை நினைக்காதீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். துணி வெட்டிப் பழகிய கத்திரிக்கோல் ரப்பரில் லேசில் இறங்கவில்லை. அழுத்தி அழுத்தி நாலு துண்டு வெட்டினார்.

"அது என்னத்துக்கு?"

"சத்தம் வராம இரிக்க."

"மத்த ஊடுகளுக்கும் வெக்கிறீங்களா?"

மர்சூக் போல்ட்டை முடுக்கினார். கடலிலிருந்து காற்று எழுந்தது. எதிர்வரிசையில் புதுப் பெயின்ட் மின்னுகிற கம்பங்களில் கொடிகள் இழுபட, பிள்ளைகளின் உடுப்புகள் காற்றை வாங்கி உப்பிக்கொண்டு நின்றன. அவர் வீதிப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, நாலாவது துண்டை எச்சில் தொட்டு அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் பெருவிரலால் திணித்தார்.