நத்தைப் பேட்டையில் ஓர் அறை

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரத்தில் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், காற்றாவது வரட்டும். எங்கள் சியேனா நகரத்தில் ஒருத்தி விடுதி தேடி அலைந்த கதையைச் சொல்கிறேன். விடுதி தேடுவதெல்லாம் ஒரு கதையா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அவள் அறை தேடியது தூங்குவதற்கு அல்ல, பிள்ளை பெறுவதற்கு.

யுத்தம் முடிந்து பன்னிரண்டாவது வருஷம், ஆகஸ்டு பதினாலாம் தேதி. பேட்டைக்குப் பேட்டை போட்டி போடுகிற குதிரைப் பந்தயத்துக்கு இன்னும் இரண்டே நாள். எர்சீலியா நத்தைப் பேட்டையில் பிறந்தவள். அவள் புருஷன் ரனியேரி பக்கத்து ஆமைப் பேட்டைக்காரன். ஊரில் பேட்டைகள் பதினேழு இருந்தாலும் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாது. கல்யாணம் மட்டும் எப்படியோ நடந்துவிடும். அப்படிக் கட்டிக்கொண்டவர்கள், வருஷம் முழுக்க ஒரே படுக்கையில் படுத்தாலும், பந்தயம் நெருங்கியதும் பிரிந்து அவரவர் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். எல்லாம் முடிந்த மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோலச் சேர்ந்து உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள்.

எர்சீலியாவுக்குப் போக வீடு இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வீடும் வேறு கைக்குப் போய்விட்டது. அதனால் சித்தப்பா மகள் ஜெம்மாவோடு, கோட்டைச் சுவருக்கு வெளியே, எந்தப் பேட்டையிலும் சேராத புதுக் குடியிருப்பில் தங்கியிருந்தாள். பிள்ளை மாதக் கடைசியில்தான் என்று கணக்கு. பந்தயம் முடிந்து ஊர் காலியானதும் சாவகாசமாக ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவளுக்கு, அன்று மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

ஏன் அறை, ஜெம்மா வீட்டிலேயே பெறக்கூடாதா என்று கேட்பீர்கள். அதற்கு முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் பிள்ளை எந்தப் பேட்டை மண்ணில் பிறக்கிறதோ அந்தப் பேட்டைக்குத்தான் சொந்தம். முதல் பிள்ளை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆமைப் பேட்டையில், மாமியார் செலிந்தாவின் வீட்டில் பிறந்தது. எர்சீலியா தன் பேட்டை மண்ணை ஒரு பிடி துணியில் முடிந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். அப்படி வைத்தால் பிள்ளை அந்த மண்ணுக்குச் சொந்தம் என்கிற வழக்கமும் உண்டு. மாமியார் பெருக்கும்போது அதைக் குப்பையோடு வாரிக் கொட்டிவிட்டாள். இரண்டாம் நாள் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. மூன்றாம் நாள் பிள்ளையே இல்லை. பிறக்கும்போதே மூச்சுப்பை பலவீனம் என்றார் டாக்டர். எர்சீலியா காதில் அது ஏறவில்லை. மண் போயிற்று, பிள்ளை போயிற்று, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை முடிச்சு மண்ணெல்லாம் போதாது, நத்தைப் பேட்டைக்குள்ளேயே பெற்றால்தான் இது தங்கும் என்று மனதில் ஆணி அடித்து வைத்துவிட்டாள்.

மாமியார் லேசுப்பட்டவளா? "நத்தைக்காரன் கூரைக்குக் கீழ என் பேரப்புள்ள பொறந்தா நான் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று மகனிடம் சொல்லி, மாதா படத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ரனியேரி நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான். கடைசியில் அவன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். மண் நத்தைப் பேட்டை மண்ணாக இருக்கட்டும், கூரை வெளியூர்க்காரன் கூரையாக இருக்கட்டும். அதாவது, நத்தைப் பேட்டையில் அந்நியன் ஒருவன் நடத்துகிற விடுதி. அப்படி இருந்தவை மூன்றே மூன்று.

ஜெம்மா பக்கத்து வீட்டுக்காரியை மருத்துவச்சி அர்ஜியாவிடம் ஓடச் சொன்னாள். "எந்த லாட்ஜுன்னு இன்னும் தெரியல. நத்தைப் பேட்டைக்கு வந்து தெருவுல யாரையாவது கேக்கச் சொல்லு, வயித்த தள்ளிக்கிட்டு ரெண்டு கிறுக்கிங்க போனாங்களான்னு."

"ரெண்டு பேருக்கா வயிறு?" என்றாள் அவள்.

"எனக்குத் தின்ன வயிறு. ஓடுடி!"

கோட்டை வாசலைத் தாண்டி ஏற்றமான தெருவில் இருவரும் நடந்தார்கள். வெயில் கல்லில் பட்டு முகத்தில் அடித்தது. நாற்பது அடிக்கு ஒரு தடவை எர்சீலியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் விடுதி லிவோர்னோவிலிருந்து வந்த ஒரு விதவையுடையது. மாடிப்படியெல்லாம் பெட்டிகள்.

"எடமா? குளிக்கிற தொட்டியில கூட ஒரு டச்சுக்காரன் மெத்தை போட்டுப் படுத்திருக்கான்மா. என் கட்டிலையே வாடகைக்கு விட்டுட்டு நான் அடுப்பங்கரையில கெடக்கேன். வேணும்னா அடுப்பங்கரைக்கு வா."

எர்சீலியா சரி என்று சொல்ல வாயெடுத்தாள். உள்ளே பார்த்தால் பத்துப் பேருக்கான சமையல் அடுப்பில் கொதிக்கிறது, தரையில் கால் வைக்க இடமில்லை. ஜெம்மா அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது விடுதி தூரினோ ஊர்க்காரனுடையது. அங்கே மேல்மாடியில் ஓர் அறை காலியாகவே இருந்தது. ஆனால் அவன் எர்சீலியாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தான்.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு பிள்ளை பெத்து எழுந்திருக்கிற வரைக்கும்" என்றாள் ஜெம்மா.

"மன்னிக்கணும். என் ஆளுங்க பந்தயம் பாக்க வந்தவங்க. அலறல் கேக்கவா வந்திருக்காங்க?"

"ஏன்யா, உங்கம்மா உன்ன வாயப் பொத்திக்கிட்டா பெத்தா?"

அவன் கதவைச் சாத்தினான். கொஞ்சம் மரியாதையாகத்தான் சாத்தினான், ஆனாலும் சாத்தினான்.

இதற்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடைக் கிழவி மாவுக் கையோடு வெளியே வந்தாள். "ஏ எர்சீலியா! எங்கடி அலையறே? எங்க வீட்டுக்கு வா. நான் பெத்த கட்டில்லயே பெத்துக்க." எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "இங்க வாடி, படியே ஏற வேணாம்" என்றாள். தெருவின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. எல்லாம் நத்தைக்காரர் கதவுகள். ஒன்றில் நுழைந்தாலும் புருஷன் செய்த சத்தியம் உடையும். உடைந்த சத்தியம் பிள்ளை தலையில் விடியும் என்று அவளுக்கு அடுத்த பயம். அவள் தலையை ஆட்டி ஆட்டி, அழுதுகொண்டே நடந்தாள். கால் வழியாக நீர் இறங்கியது.

"பனிக்குடம் ஒடஞ்சிருச்சு ஜெம்மா."

"தெரியுது. நட. பேசாத, நட."

மூன்றாவது விடுதி முக்கில் இருந்தது. வாசல் நத்தைத் தெருவில். கதவுக்கு மேலே பேட்டையின் நத்தைச் சின்னம் பதித்த ஓடு. எர்சீலியா அதை ஒரு கையால் தொட்டுக் கும்பிட்டாள். நடத்துகிறவன் சார்டீனியாத் தீவுக்காரன், கவீனோ என்று பெயர், குள்ளமான மனுஷன். அவளைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"அறை இருக்கா அண்ணே?"

"ஒண்ணு இருக்கும்மா. கடைசியில, சின்னது. வெளிச்சம் கம்மி."

"வெளிச்சம் யாருக்கு வேணும்? நீங்க நத்தைக்காரர் இல்லியே?"

"நான் ஆட்டுக்காரன்மா. மலையில ஆடு மேச்சவன். எனக்கு நத்தையும் தெரியாது ஆமையும் தெரியாது."

இதைவிட வேறென்ன வேண்டும்? நீளமான நடைக்கூடத்தில் கவீனோ முன்னால் போனான். பாதியில் சுவரில் ஒரு திறப்பு, அங்கே ஒரு படி கீழே இறங்கி இன்னும் கொஞ்ச தூரம். சக்கரம் வைத்த இரும்புக் கட்டில். எர்சீலியா அதில் சாய்ந்தாள். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டு விலகியது போலிருந்தது.

அரை மணி நேரம் அப்படிக் கிடந்திருப்பாள். வலி வந்து வந்து போயிற்று. அப்போது ஜன்னலுக்குக் கீழே முரசு கேட்டது. சாயங்கால ஒத்திகை ஓட்டத்துக்குக் குதிரையை அழைத்துக்கொண்டு போகிறார்கள், கூடவே பாட்டு. அந்தப் பாட்டு எர்சீலியாவுக்குத் தெரியும். மாமியார் பாத்திரம் கழுவும்போது பாடுகிற பாட்டு.

"ஜெம்மா, ஜன்னலத் திற."

ஜெம்மா திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுடி!"

"மஞ்சளும் நீலமும்" என்றாள் ஜெம்மா. "தெரு முழுக்க ஆமைக் கொடி. நம்ம ஜன்னலுக்குக் கீழயே ஆமை விளக்கு தொங்குது."

கவீனோ ஓடி வந்தான். எர்சீலியா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"இது எந்தத் தெரு?"

"பின் தெரும்மா. முன்னாடி ரெண்டு வீடு இது. முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் வாங்கி நடுச்சுவர ஒடச்சுச் சேத்துட்டேன். ஏன், என்ன தப்பு?"

என்ன தப்பு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வாசல் எந்தத் தெருவிலோ வீடு முழுக்க அந்தப் பேட்டை என்று நினைப்பது சியேனாக்காரர் புத்தி. இரண்டு பேட்டை முதுகுகளுக்கு நடுவில் இருக்கிற சுவரை ஒருத்தன் உடைப்பான் என்று எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூட நினைக்காது. அவளும் வாசலைத்தான் பார்த்தாள். ஜன்னலைப் பார்க்கவில்லை.

"முன்பக்க அறைய திறங்க."

"அதுல டென்மார்க்காரர் இருக்காரும்மா. ஒத்திகை பாக்கப் போயிருக்காரு. அவர் சாமான்..."

"திறங்க அண்ணே! இங்க பொறந்தா செத்துரும். போன தடவையும் இந்தப் பக்கம்தான் பொறந்துச்சு. செத்துரும்!"

அந்தக் குரலைக் கேட்டபின் கவீனோ சாவியை எடுக்காமல் இருக்க முடியுமா? ஆனால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கால் ஊன்றினால் கண் இருட்டியது. ஜெம்மா கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தாள், கவீனோ தலைமாட்டை இழுத்தான். நடைக்கூடத்தில் சக்கரங்கள் கிறீச்சிட்டன. அந்த ஒற்றைப் படியில் தலைமாட்டைத் தூக்கி ஏற்றினார்கள். பாதிக் கட்டில் ஏறியது. சுவர்த் திறப்பில் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

"யாருய்யா கட்டில ஊர்வலம் விடறது?"

அர்ஜியா வந்துவிட்டாள். அவள் கழுகுப் பேட்டைக்காரி, இந்தச் சண்டைக்கு அவளுக்குச் சம்பந்தமில்லை. கையைக் கழுவிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து நுழைந்து கால்மாட்டுப் பக்கம் வந்து பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எல்லாரும் கைய எடுங்க. கட்டில ஆட்டாதீங்க."

"இன்னும் ஒன்றரை முழம்தான் அக்கா" என்றாள் ஜெம்மா. "ஒரே தள்ளு. தலை அந்தப் பக்கம் போயிருச்சு. மத்ததும் போயிட்டா..."

"கால் வந்திருக்கு. தல மேல இருக்கு. இப்போ குலுக்கினா கொடி கழுத்துல சுத்திக்கும், இல்ல கை சிக்கிக்கும். நான் பொறுப்பில்ல." பிறகு அர்ஜியா எட்டி எர்சீலியாவின் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஏ புள்ள. தள்ளணும்னா தள்ளச் சொல்றேன். நீயே சொல்லு. சீக்கிரம் சொல்லு."

எர்சீலியா அண்ணாந்து கிடந்தாள். கண்ணுக்கு நேராக உடைத்த செங்கல் விளிம்பு, பூசாமல் விட்ட சுண்ணாம்பு. அவள் தலை பிறந்த பேட்டையில் இருந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் அந்தப் பக்கம். கையை நீட்டினால் திறப்பின் ஓரத்தைப் பிடிக்கலாம், பிடித்தாள். இழுத்துக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. ஒன்றரை முழம். மூன்று வருஷம் ஒவ்வொரு நாளும் கேட்டது அந்த ஒன்றரை முழத்தைத்தானே? வலி எழும்பி நெஞ்சு வரை வந்தது. உள்ளே ஒரு சின்னக் கால் உதைத்தது, அல்லது உதைத்ததாகத் தோன்றியது.

சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"தள்ளாதீங்க" என்றாள். "இங்கயே."

ஜெம்மா வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் நீட்டிச் சொல்லப்போவதில்லை. கால் வந்தது, உடம்பு வந்தது, தலை நின்றுவிட்டது. அர்ஜியா யாரோடோ சண்டை போடுகிறவள் மாதிரி தணிந்த குரலில் திட்டிக்கொண்டே வேலை செய்தாள். கவீனோ சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தன் தீவுப் பாஷையில் ஜெபம் சொன்னான். ஒத்திகையிலிருந்து திரும்பிய டென்மார்க்காரர், அறைக்குப் போக வழியில்லாமல், தொப்பியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெண் குழந்தை. நீலமாக இருந்தது. சத்தம் இல்லை.

"என்ன ஆச்சு?" என்றாள் எர்சீலியா. "அர்ஜியா அக்கா, என்ன ஆச்சு?"

அர்ஜியா குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். வாயில் விரல் விட்டு வழித்தாள். பிறகு தன் வாயை அதன் வாயிலும் மூக்கிலும் பொருத்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினாள். எர்சீலியா அப்போது நத்தையை நினைக்கவில்லை, ஆமையை நினைக்கவில்லை, மாதாவைக்கூட நினைக்கவில்லை. அவள் காது மட்டும்தான் உயிரோடிருந்தது.

முதலில் பூனை தும்மியது போல ஒரு சத்தம். பிறகு அழுகை. மெலிசாக, நூல் மாதிரி, விட்டு விட்டு.

கவீனோ முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "அம்மா தலை நத்தைப் பக்கம்தானே இருந்துச்சு? அப்போ கணக்கு..."

"புள்ள பொறந்தது எந்தப் பக்கமோ அதுதான்யா கணக்கு" என்றாள் ஜெம்மா. "ஆனா கட்டில் ஒரே கட்டில் இல்லியா? அதைப் பாத்தா..."

"வாய மூடுங்க ரெண்டு பேரும்" என்றாள் எர்சீலியா. "அவ அழறது எனக்குக் கேக்கல."

குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு அன்று ராத்திரி அவள் கண்ணை மூடவில்லை. கட்டிலை மறுபடி பின் அறைக்கே தள்ளச் சொன்னாள். அங்கேதான் சத்தம் குறைவு. இரண்டாம் நாள் குழந்தை குடித்தது, கொஞ்சம் கக்கியது. அவள் உயிர் போய் வந்தது. மூன்றாம் நாள் பந்தயம். ஊரே சதுக்கத்தில் இருந்தது. கோபுரத்து மணி அடித்துக்கொண்டே இருந்து, குதிரைகள் ஓடும் நேரம் பார்த்து நின்றது. அந்த நிசப்தத்தில் எர்சீலியா கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு சத்தம், மொடக் மொடக் என்று பால் இறங்குகிற சத்தம். தூரத்தில் ஜனங்கள் கத்தினார்கள். எந்தப் பேட்டை ஜெயித்தது என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. குழந்தை குடித்து முடித்து, வாயோரம் ஒழுகவிட்டுத் தூங்கியது. அவளும் தூங்கினாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தொட்டில்கள் காலியாகாமல் இருக்கட்டும். தொட்டில் இல்லாத வீட்டில் அடுப்பும் அன்பும் அணையாமல் இருக்கட்டும். நடுச்சாமத்தில் கதவைத் தட்டுகிறவளுக்குத் திறந்துவிட உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கை இருக்கட்டும். போய் வாருங்கள், பார்த்து இறங்குங்கள், படி வழுக்கும்.