கட் சொல்லும் வரை

எழுபத்து மூன்றில் ஓர் உளவாளிப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஆட்கள் வந்தார்கள். டைரக்டர் கதை சொன்னபோது வாயிலிருந்த வெற்றிலையை மெல்லக்கூட மறந்துபோனோம். மூழ்கிய கப்பலுக்குள் எதிரிகள் ரேடியோ ஒளித்திருக்கிறார்கள்; கதாநாயகன் முத்துக்குளிப்பவன் வேஷத்தில் இறங்குகிறான். நல்ல கதை. எடுக்க வந்தவர்கள்தான் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்கள்.

கதாநாயகனுக்குப் பதிலாகக் கடலில் இறங்கியவன் என் தங்கை மெட்டில்டாவின் புருஷன் இனிகோ. எங்களில் முத்தோ சங்கோ குளிக்கக் கடலில் இறங்குபவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். தங்கை தாலியை எவன் தண்ணீரில் விடுவான்? கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பிடித்தது ஒரே படகு. கேமரா ஏறியதும் இடமில்லை என்று என்னைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். கயிறு, படக் கம்பெனி ஆள் ஒருவன் கைக்குப் போனது.

"கட் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. பிலிம் வீணாயிடும்," என்று டைரக்டர் அவனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

நீச்சல் உடை என்று லாரி டியூபை வெட்டித் தைத்து இனிகோவுக்கு மாட்டியிருந்தார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்து அவனை அடியிலேயே வைத்துக்கொண்டது. பிணமாகத்தான் வந்தான்.

"கயிறு அசையவே இல்லைங்க," என்று அந்த ஆள் மாதா கோயில் வாசலில் சத்தியம் செய்தான்.

மெட்டில்டாவுக்குச் சாவைவிட அந்தச் சொல்தான் பெரிதாக அறுத்தது. "கயிற அசைக்காமலா போவாரு? நான் இருக்கது அவருக்கு நெனப்பே வரலயாண்ணே?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவருஷம் படம் வந்தது. மேட்னிக்கு அவளும் பிடிவாதமாக வந்தாள். வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். எதிரியின் ரேடியோ ஒரு பிஸ்கட் டின். ஒட்டியிருந்த படத்தைக்கூட உரிக்கவில்லை. தியேட்டரே சிரித்தது.

பிறகு அந்தப் படகு வந்தது. அதற்கு இசைகூடப் போடவில்லை. புரொஜெக்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீருக்குள் இறங்கிய கயிறு அசைந்தது. கம்பெனி ஆள் அதைக் கையில் வைத்துக்கொண்டே கேமராப் பக்கம் பார்த்தான். கட் சொல்லவில்லையே!

என் தங்கை மூச்சை இழுத்தாள். "கூப்பிட்டிருக்காருண்ணே."

அன்று எடுத்ததையே துண்டு துண்டாக்கி, கதாநாயகன் இறங்கும்போதெல்லாம் ஒட்டியிருந்தார்கள். மறுபடி அதே படகு. கயிறு துடித்தது. "ஏலே, அதே கயிறுலே!" என்று முன்வரிசையில் விசில் பறந்தது. இருட்டில் என் கைகள் தாமாகவே இழுத்துக்கொண்டிருந்தன. உள்ளங்கை நனைந்திருந்தது. வாயில் வைத்துப் பார்த்தேன், உப்பு. வியர்வைதான் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு தடவை அந்தப் படகு வந்தது. கயிறு சும்மா நின்றது. நான் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மெட்டில்டா என் கைகளைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதும்ணே. இனிமே இழுக்காத."